ஓடை போன வழி

வெள்ளம் வற்றிய பிறகும் ரபீக்காவின் குசினியில் சேற்று வாடை போகவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவினாள். டெட்டோல் ஊற்றி மறுபடியும் கழுவினாள். சுவரில் முழங்கால் உயரத்தில் ஓடிய கறுப்புக் கோடு மட்டும் அழியாமல் நின்றது. போன மாரியின் கோடு அதற்குச் சற்றுக் கீழே. அதற்கு முந்தின வருடத்தினுடையது இன்னும் கீழே.

அந்தக் குசினியில்தான் அவள் இடியப்பம் அவித்து பஸ் நிலையத்தடிக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். வெள்ளம் வந்த நாளிலிருந்து அடுப்பு எரியவில்லை. மா வாளிகள் அலுமாரிக்கு மேல் ஏறிக் குந்தியிருந்தன.

புல்மோட்டை றூட்டில் வான் ஓட்டும் அவளுடைய கணவன் அஸாம், வேலைக்குப் புறப்பட முன் வாசலில் நின்று கோட்டைப் பார்த்தான்.

"காக்கா நேத்தும் போன் எடுத்தார். கிண்ணியாவில அவர்ட வளவுல ஒரு துண்டு தாறேண்டு சொல்றார். மேட்டு நிலம். இத வித்துப்போட்டுப் போவம் ரபீக்கா."

"வாங்க வந்த மனுசன் கோட்டைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாமப் போனாரே."

"திரும்பக் கேட்டிருக்கார். யோசிச்சிச் சொல்றேண்டு சொல்லியிருக்கன்."

அஸாமின் அண்ணன் தரும் துண்டு நிலத்தை நினைத்தபடி ரபீக்கா தரைத்துணியைப் பிழிந்தாள். அவள் மூதூரில் பிறந்தவள். சண்டை நடந்த காலத்தில், இப்போது கொழும்பில் வேலை செய்யும் மகனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, ஒரு சாக்கு மூட்டையோடு ஊரைவிட்டு நடந்தவள். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் கல்லும் ஓடும்தான் கிடந்தன. பிறகு திருகோணமலை நகரில், ஓர்ஸ் ஹில் சரிவுக்குக் கீழே, ஆம்பலடி ஒழுங்கை என்ற ஒடுங்கிய தெருவில் இந்தத் துண்டு நிலத்தை வாங்கி ஒவ்வொரு அறையாகக் கட்டினார்கள். இன்னொரு தரம் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்ணீரோடு மல்லுக்கட்டவும் இனி ஏலாதுபோல இருந்தது.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு லோஜினி வந்தாள். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். ரபீக்காவின் கையில் பட்டியைச் சுற்றி பிறஷர் பார்த்தாள். முகம் சுழித்தாள்.

"ராத்தா, இது கூடிக்கொண்டு போகுது. வீட்டுக்குள்ளயே கிடந்து சுவரைப் பாத்துக்கொண்டிருந்தால் மருந்தும் வேலை செய்யாது. ஞாயிற்றுக்கிழமை என்னோட நடக்க வாங்கோ."

"எங்க நடக்கிற?"

"பாக்கியம் சேர் கூட்டிக்கொண்டு போவார். மாரி முடியுமட்டும் ஞாயிறு ஞாயிறாய் நடை. மரஞ்செடி காட்டுவார், பழைய கதை சொல்லுவார். நாங்கள் நாலைஞ்சு பேர்தான்."

பாக்கியரத்தினம் விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரிவில், பெரிய மதில் வளைத்த வீட்டில் இருந்தார். ரபீக்கா அவரை றோட்டில் கண்டிருக்கிறாள். கதைத்ததில்லை. போவதா விடுவதா என்று ஞாயிறு காலை வரைக்கும் அவளுக்கு முடிவில்லை. சேற்று வாடைதான் கடைசியில் அவளை வெளியே தள்ளியது.

உட்துறைமுகக் கரையில் கூடினார்கள். வானம் மூட்டமாக இருந்தாலும் மழை விட்டிருந்தது. தண்ணீர் ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. றோட்டோரம், நகருக்குள்ளேயே திரியும் மான்களில் இரண்டு குப்பைத்தொட்டியடியில் முகர்ந்துகொண்டு நின்றன. பாக்கியரத்தினம் ஒரு பழைய துணித் தொப்பியும் நீளக் குடையுமாக வந்தார். புதிதாக வந்த ரபீக்காவைக் கண்டு சந்தோஷப்பட்டார்.

"இண்டைக்கு ஒரு ஓடையைத் தேடிப் போறம், பிள்ளை. எனக்குக் கனநாள் ஆசை," என்றார். "ஓர்ஸ் ஹில் பக்கத்தில இருந்து இந்தக் கடலுக்கு ஒரு ஓடை வந்ததாம். பாய்க்கப்பல் காலத்தில வள்ளத்தில பீப்பாய் கொண்டுவந்து அதில குடிதண்ணி அள்ளினவங்களாம். பழைய ஆக்கள் அப்பிடிச் சொல்லுவினம். அது கடலில விழுற வாய் இஞ்ச இருக்கு. மேல எங்க போகுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டாள் ரபீக்கா.

"செடிகளைக் கேட்டுக் கேட்டுப் போவம்."

கரையில் கண்டல் மரங்கள் வேரைக் காலாக ஊன்றி நின்றன. அவற்றுக்குப் பின்னால் தில்லை மரங்கள். அவற்றின் பாலைத் தொடவேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து என்று அவர் குடையால் எல்லாரையும் விலக்கினார். சற்று மேலே ஏறியதும் உப்புக்காற்றின் வாசம் குறைந்தது. தாழைகள் வந்தன. பிறகு ஊதாப் பூக்களோடு நீர்முள்ளி.

"இது நிக்கிற இடத்தில காலைப் பாத்து வையுங்கோ. மேல காய்ஞ்சிருக்கும், கீழ சதுப்பு."

ரபீக்கா அந்தப் பூக்களைக் குனிந்து பார்த்தாள். மூதூரில் வயல் வாய்க்கால் கரையெல்லாம் இவை பூக்கும். அவளுடைய உம்மா வேரை அவித்து வாப்பாவுக்குக் குடிக்கக் கொடுப்பா. பெயர் மறந்துபோயிருந்தது. இப்போது அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வெள்ளம் வந்த நாளுக்குப் பிறகு, சேற்றையும் வாளியையும் தவிர வேறொன்றை இப்போதுதான் அவள் நினைத்தாள்.

இரண்டு வீடுகளின் பின்பக்க வேலிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் போனது. அதற்குள் புல்லை விலக்கிக் காலால் தட்டிய பாக்கியரத்தினம் அப்படியே குந்திவிட்டார். செதுக்கிய கருங்கற்கள் வரிசையாக இரண்டு பக்கமும் பதிந்திருந்தன.

"கட்டின ஓடை," என்றார் மெதுவாக. "பாத்தீங்களே, கட்டின ஓடை. யுத்தத்தில இந்தப் பக்கம் ஆக்கள் இல்லாமப் போச்சு, பற்றை மூடிட்டுது. திரும்பி வந்த ஆக்களுக்கு ஓடை இருந்ததே தெரியாது."

"ஆனா சேர், இவ்வளவு மழைக்கும் இதில ஓட்டத்தைக் காணேல்லை," என்றாள் லோஜினி.

அப்போதுதான் ரபீக்கா வாய் திறந்தாள். "எங்கட ஒழுங்கைக்குள்ள வருசா வருசம் தண்ணி வருது சேர். மேல இருந்துதான் வருது. மழை விட்டாலும் றோட்டு வழியா வந்துகொண்டே இருக்கும். இதில ஓட வேண்டிய தண்ணியா இருக்குமா அது?"

பாக்கியரத்தினம் எழுந்து நின்று அவளைப் பார்த்தார். அவருடைய கண்கள் மின்னின.

"இருக்கும். கட்டாயம் இருக்கும். எங்கயோ ஒருத்தர் ஓடையை மறிச்சிருக்கிறார். மறிச்ச தண்ணி திரும்பி உங்கட ஒழுங்கைக்குள்ள இறங்குது. வாங்கோ, அந்த இடத்தைப் பிடிப்பம். பிடிச்சால் நானே மாநகரசபைக்குப் போய்க் கதைக்கிறன்."

அவர் முன்னால் வேகமாக ஏறினார். பள்ளம் பற்றைக்குள் நுழைந்து வளைந்தது. கற்கள் இடைக்கிடை தெரிந்து மறைந்தன. ஈரத்தைத் தேடும் பொன்னாங்காணி அங்கங்கே மெலிந்து படர்ந்திருந்தது. கடைசியில் பள்ளம் ஒரு உயரமான மதிலில் போய் முட்டி நின்றது. மதிலுக்கு அப்பால், சாம்பல் வெள்ளைப் பட்டையோடு ஒரு முதிய மருத மரம் வானத்துக்கு எழுந்திருந்தது.

"மருது," என்று பாக்கியரத்தினம் மூச்சு வாங்கியபடி குடையை உயர்த்திக் காட்டினார். "ஆத்தங்கரை மரம். ஓடை இதுக்குள்ளாலதான் போயிருக்க வேணும். ஆர் இந்த மதிலைக் கட்டினது…"

லோஜினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சேர், இது உங்கட மருதல்லோ? நான் ஊசி போட வந்த நேரம் இதுக்குக் கீழ கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தனீங்கள்."

அவருடைய குடை மெல்ல இறங்கியது. பின்பக்கம் பற்றை, பாம்பு இருக்கும் என்று அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. மதிலைத் தடவிப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கு. இண்டைக்கு இதோட முடிப்பம்," என்றார் பிறகு. ரபீக்காவின் முகத்தைப் பார்க்காமலே நடந்து போனார்.

அன்றிரவு சாப்பிடும்போது ரபீக்கா எல்லாவற்றையும் அஸாமிடம் சொன்னாள்.

"அவர்ட மதில்தான். அவருக்கே அது தெரியாம இருந்திருக்கு. தெரிஞ்ச பிறகும் ஒரு சொல் சொல்லாமப் போறார்."

"என்ன சொல்லுவார்? நமக்காக மதிலை உடைக்கப் போறாரா?" அஸாம் கோபப்படவில்லை. அது அவளை இன்னும் வருத்தியது. "நீ போய்ச் சண்டை கிண்டை பிடிச்சிராத. நாளைக்கு அதத் தமிழ்-முஸ்லிம் சண்டையெண்டு கதை கட்டுவாங்க. வாங்க வந்த மனுசன் திரும்பக் கேட்டா வீட்டக் குடுத்திருவம். சரியா?"

மறுநாள் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சரிவில் ஏறினாள். பெரிய வீட்டுக் கேற்றடியில் நின்றாள். உள்ளே றோசாப் பாத்திகள் தெரிந்தன. மணியை அழுத்தக் கையை நீட்டி, அஸாமின் பேச்சை நினைத்து, திரும்பி வந்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மழை தொடங்கியது. கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து இருண்டு வந்து, ஒரேயடியாகக் கொட்டியது. அஸாம் வானோடு புல்மோட்டையில். லோஜினி வேலையில். ரபீக்கா மா வாளிகளை மறுபடியும் மேலே ஏற்றினாள். ஒழுங்கையில் செந்தண்ணீர் சுழித்து வர, வாசற்படி மறைந்தது. பிறகு குசினிக்குள்ளும் வந்தது.

சாக்கை வாசலில் அண்டைகொடுக்க வெளியே வந்தவள், ஒழுங்கை வாயில் ஒரு ஆள் நிற்பதைக் கண்டாள். நீளக் குடை. காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, தண்ணீர் வரும் திசையையே பார்த்தபடி பாக்கியரத்தினம் நின்றார். பிறகு தண்ணீரோடு தண்ணீராக அவளுடைய வீட்டடிக்கு வந்தார்.

"உள்ள வரலாமோ, பிள்ளை?"

அவள் விலகி வழிவிட்டாள். அவர் குசினிக்குள் தண்ணீரில் நின்றார். அலுமாரி மேலிருந்த வாளிகளைப் பார்த்தார். சுவரிலிருந்த கோடுகளைக் குனிந்து பார்த்தார். மூன்றையும் எண்ணி, கீழே கிடந்த கோட்டை விரலால் தொட்டார்.

"நான் மதில் கட்டின வருசம் இது," என்றார். "அதுக்கு முதல் வந்ததே?"

"இல்ல சேர். ஒழுங்கை நனையும். வீட்டுக்குள்ள வந்ததில்ல."

"பள்ளமாக் கிடக்கு எண்டு லோட் லோடாய்க் கிரவல் மண் கொட்டி நிரவினனான். மருதைப் பாத்த நேரமாவது எனக்கு விளங்கியிருக்க வேணும். என்ர வேலைக் காலம் முழுக்க மரஞ்செடிதானே." அவர் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். "ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்க ஏலாமப் போச்சு. வெக்கம்."

ரபீக்காவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் நின்று தொப்பியைப் பிழிகிற மனிதரிடம் அதை எப்படிக் கொட்டுவதென்று தெரியவில்லை.

"இனி என்ன செய்றதாக யோசனை சேர்?"

"நான் திறக்க ஆயத்தம். சிவாஜினிதான் மாட்டனெண்டு நிக்கிறா." சிவாஜினி அவருடைய மனைவி. "மதிலில கை வைக்க விடமாட்டாவாம். மூண்டு நாளாய் என்னோட கதை இல்லை."

"என்னை அவவிட்டக் கூட்டிப் போங்க," என்றாள் ரபீக்கா. "சண்டைக்கு இல்ல. ஒருக்காக் கதைக்க."

அவள் கதவைச் சாத்திவிட்டு அவருடைய குடைக்குள் சேர்ந்து சரிவில் ஏறினாள். மேல் மதிலடியில் மலைத்தண்ணீர் வந்து மோதி, நுரைத்து, மதிலோடு ஒட்டிப் பக்கவாட்டாக றோட்டுக்கு ஓடுவதை இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

சிவாஜினி மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. மெலிந்த, நிமிர்ந்த உருவம். நனைந்து நின்ற ரபீக்காவைக் கண்டதும் ஒன்றும் கேளாமல் உள்ளே போய்த் துவாய் கொண்டுவந்து கொடுத்தா. கதிரையை இழுத்துவிட்டா. கணவரை அவ பார்க்கவில்லை.

"ஆம்பலடி ஒழுங்கையோ?"

"ஓம் அக்கா. இடியப்பம் அவிக்கிற வீடு."

"தண்ணி எவ்வளவுக்கு நிக்குது?"

ரபீக்கா காலில் கைவைத்துக் காட்டினாள். "இப்ப இவ்வளவு. பின்னேரத்துக்குள்ள முழங்காலுக்கு வரும்."

சிவாஜினி எதிர்க் கதிரையில் உட்கார்ந்தா.

"இவருக்கு மதில் பெரிசில்லை, பிள்ளை. நான்தான் கேட்டுக் கட்டுவிச்சனான். ஒரு ஓட்டைகூட இல்லாத மதில் வேணும் எண்டு. எங்கட பழைய வீட்டில வேலிதான் இருந்தது. வேலிக்குள்ளாலதான் வந்தவங்கள். என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது." அவ நிறுத்தினா. "மதில் கட்டின பிறகுதான் நான் விடியுமட்டும் நித்திரை கொண்டது. அதில ஒரு வழி வெட்டச் சொல்லுறார்."

பாக்கியரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ரபீக்கா துவாயை மடியில் மடித்து வைத்தாள். தன்னுடைய கதையும் அவளுக்கு வாய்வரை வந்தது. மூதூர், சாக்கு மூட்டை, நடந்த றோட்டு. ஆனால் அதைச் சொன்னால் இவவின் துக்கத்தோடு தன் துக்கத்தை நிறுத்துப் பார்ப்பது போலாகும் என்று பட்டது.

"எனக்கும் இரவில கதவுப் பூட்டை ரெண்டு தரம் பாக்காம நித்திரை வராது அக்கா," என்று மட்டும் சொன்னாள். பிறகு யோசித்து, "கம்பி போட்டா?" என்றாள்.

"என்ன கம்பி?"

"மதில்ல அடியில மட்டும் வெட்டி, இரும்புக் கம்பி அடிச்சி விட்டா? தண்ணி போகும். ஆள் பூராது. பூனை பூருமெண்டாலும் சந்தேகந்தான். என்ட மனுசனுக்கு வெல்டிங் கடைக்காரரைத் தெரியும்."

சிவாஜினி எழுந்து ஜன்னலடிக்குப் போனா. கணவருக்குப் பக்கத்தில் நின்று, மழைக்குள் மருத மரத்தையும் அதன் கீழிருந்த றோசாப் பாத்திகளையும் பார்த்தா.

"கம்பி நெருக்கமா இருக்க வேணும்," என்றா. "கை போகாத அளவுக்கு."

"அப்பிடியே செய்விப்பம் அக்கா."

"நல்ல தடிச்ச, மொத்தக் கம்பியா."

"ஓம்."

"றோசா போகும்," என்றார் பாக்கியரத்தினம் தயக்கமாக.

"போகட்டும்," என்றா சிவாஜினி. மூன்று நாளைக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் சொல் அதுதான். "ஈரத் தொப்பியோட நிக்காமல் போய்த் தலையைத் துடையுங்கோ."

அஸாம் முதலில் நம்பவில்லை. "அவ சொன்னவவா? அவ வாயால?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு அந்தக் கிழமையே வெல்டிங் கடையில் நின்று, கம்பிகளுக்கிடையில் தன் கையை விட்டுப் பார்த்து, போகாதபடி அடிப்பித்தான். பாக்கியரத்தினம் மாநகரசபைக்குப் போய் ஆளைக் கூட்டிவந்து காட்டி அனுமதி வாங்கினார்.

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை வேலை தொடங்கியது. ஒழுங்கை ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். றோசாச் செடிகளை ரபீக்காவும் லோஜினியும் வேரோடு கிளப்பி வாளிகளில் வைத்தார்கள். கிரவலை அள்ள அள்ள, மருத மரத்தின் வேருக்குப் பக்கத்தில் கருங்கல் வரிசை தெரிந்தது. ஒரு கல்கூட அசையாமல் இருந்தது. பாக்கியரத்தினம் குழிக்குள் இறங்கித் தன் கையாலேயே மண்ணைத் துடைத்தார். கீழ் மதிலை முதலில் வெட்டினார்கள், பிறகு மேல் மதிலை. மேல் மதிலில் முதல் கல் விழுந்தபோது சிவாஜினி உள்ளே போய்விட்டா. இரு மதிலிலும் கம்பி பொருத்தி முடிந்ததும் வந்தா. குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து உலுப்பிப் பார்த்தா. அது அசையவில்லை. பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினா.

அடுத்த பெருமழை தைப்பொங்கல் கழிந்து வந்தது. ரபீக்கா வாளிகளை மேலே ஏற்றிவிட்டு வாசலில் குந்தினாள். அஸாமும் அன்று வான் எடுக்கவில்லை. ஒழுங்கையில் தண்ணீர் வந்தது. முற்றத்துக்கு வந்து, வாசற்படியில் ஏறப் பார்த்து, அங்கேயே நின்றது. இருட்டும்போது இறங்கத் தொடங்கியது. ஒழுங்கைக் கடைசியில், பள்ளத்தில் இருந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் கணுக்கால் அளவு போனது. அதற்கும் ஒரு வாய்க்கால் வெட்டவேணும் என்று அங்கே நின்றவர்கள் கதைத்தார்கள்.

அஸாம் போனை எடுத்து வெளியே போனான். வீடு கேட்டவரோடு கதைப்பது அவளுக்குக் கேட்டது. "இல்லை, இப்ப குடுக்கிற யோசனை இல்லை… ஓம், கோடு இருக்குத்தான். பெயின்ற் அடிக்கப் போறம்."

மறுநாள் விடியப் புறத்தில் அவள் அடுப்பை மூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு சிவாஜினியும் வந்தா. இதுவரை ஒருநாளும் வராதவ. பாக்கியரத்தினம் அதைப் பெரிய விஷயமாகக் காட்டிக்கொள்ளாமல் முன்னால் நடந்தார். ஆனால் அன்றைக்கு அவர் கொஞ்சம் கூடுதலாகவே கதைத்தார். ஓடையில் தெளிந்த தண்ணீர் கருங்கல்லைத் தடவிக்கொண்டு கடலுக்கு ஓடியது. ரபீக்காவும் சிவாஜினியும் பின்னால் மெதுவாக வந்தார்கள்.

கல்லிடுக்கில் புதிதாக ஒரு செடி முளைத்திருந்தது. சிறிய வட்ட இலை, நடுவில் ஊசிமுனை போல ஒரு வெள்ளைப் பூ. சிவாஜினி சேலையை ஒதுக்கிக் குனிந்தா.

"இது என்ன பிள்ளை?"

ரபீக்காவும் குனிந்து பார்த்தாள். "தெரியல்ல அக்கா."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். பாக்கியரத்தினம் வெகுதூரம் முன்னால் போய், லோஜினிக்குக் குடையால் எதையோ காட்டிக்கொண்டு நின்றார்.

"திரும்பி வரட்டும், கேப்பம்," என்று சிவாஜினி ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்தா. ரபீக்காவுக்கும் இடம்விட்டு நகர்ந்தா.